முப்பத்து மூன்றாம் பக்கம்

அத்தியாயம் 5

கல்லூரி நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கருத்தப்பாண்டி இரண்டு முறை வாசித்தார். ‘கரையான் மருந்து வைக்கப்படுவதால் இன்று நண்பகல் 12 மணி முதல் மூன்று நாட்களுக்கு நூலகம் திறக்கப்படாது. யாரும் உள்ளே வரக்கூடாது.’ அதன் கீழே யாரோ ஒரு மாணவன் மண்டை ஓடும் இரண்டு எலும்பும் வரைந்து வைத்திருந்தான். படம் அப்படி ஒன்றும் மோசமில்லை.

“சங்கரன்கோவில்ல பாதிச் சனம் புத்துமண்ணப் பிரசாதம்னு நெத்தியில பூசிக்கிட்டுத் திரியுது. இங்கன என்னடான்னா கரையானுக்கு மருந்து வைக்காவ. ஊருக்குப் பொருத்தமில்லாத சோலியா இருக்கே மேடம்,” என்றார்.

முத்துமீனாள் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது.

முத்துமீனாள் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்தியவள். எழுத்தில் இருக்கிற பிழையைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், மனிதர்களிடம் இருக்கிற பிழையைப் பிடிக்கத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். கருத்தப்பாண்டி அவளுடைய உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. சிவகிரி வழியாக ராஜபாளையம் போகிற பஸ்ஸில் இருபத்து மூன்று வருடம் நடத்துநராக இருந்து, முட்டி தேய்ந்து வேலையை விட்டவர். முட்டிதான் தேய்ந்தது, வாய் தேயவில்லை. பழைய விசிலைக்கூடச் சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்ததில்லை.

அவர்களுக்குப் பின்னால் கறுப்புப் பர்தாவில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையநல்லூர் மைமூனம்மாள். அவளுடைய ஒரே மகள் முபஷ்ஷிரா இந்தக் கல்லூரியில் தமிழ் மூன்றாம் வருடம் படிக்கிறாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காணவில்லை. புருஷன் சவூதியில். போலீஸ் ஸ்டேஷனில், “ரெண்டு நாள் பொறும்மா, பையன் யாருன்னு தானா தெரிஞ்சிரும்,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே வாசிப்புக் கூடம் ஆளில்லாமல் கிடந்தது. நேற்று இங்கே இலக்கிய விழிப்புணர்வு நாள். அதற்குக் கட்டிய துணிப் பதாகை ஒரு பக்கம் அவிழ்ந்து தரையைத் தொட்டது. நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. தெருவில் விசைத்தறி ஓடுகிற சத்தம் மட்டும் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. கூடத்தின் கடைசியில் ஒரு நடை. அந்த நடையின் முடிவில் ஒரு மரக்கதவு, நாலு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டப்பட்டு, பிணத்துக்கு வாய்க்கட்டுக் கட்டின மாதிரி இருந்தது. கருத்தப்பாண்டி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

“வாங்க மேடம். டீ சொல்லட்டுமா?”

நூலகர் சிவகணேஷ் மெல்லப் பேசுகிற மனிதர். தேய்த்த சட்டை, படிந்த தலைமுடி, காலடிச் சத்தம் கேட்காத செருப்பு. வருகைப் பதிவேட்டைத் தானே எடுத்து விரித்துக் காட்டினார்.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள வந்திருக்கா. அஞ்சு அஞ்சுக்கு வெளிய போயிருக்கா. அதுக்கப்புறம் அந்த மெசேஜ். போலீஸ்ல காட்டியிருப்பாங்களே.”

மைமூனம்மாள் காட்டியிருந்தாள். முபஷ்ஷிராவின் போனிலிருந்து ஐந்து இருபதுக்கு அவள் அம்மாவுக்கு வந்த வாட்ஸப். ‘என்னைத் தேடாதீங்க. நான் போறேன். மன்னிச்சிருங்க.’ அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

“நல்ல பிள்ளை மேடம். நான் புதன்கிழமைதோறும் படிப்புத் திறன் வகுப்பு எடுக்கேன். ஒரு வகுப்பு விட மாட்டா.” அவர் சுவரைக் காட்டினார். பெரிய அட்டை ஒன்றில் அவருடைய அழகான கையெழுத்து. ‘குறிப்பெடுக்கும் முறை. மஞ்சள்: முக்கியமானது. பச்சை: உதாரணம். ரோஸ்: சந்தேகம். சந்தேகத்தை வளர விடாதே. அன்றைக்கே நூலகரிடம் கேள்.’

“எங்க காலத்துல ஒரே கலருதான். வாத்தியாரு பிரம்பு பட்ட இடம்,” என்றார் கருத்தப்பாண்டி.

சிவகணேஷ் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, “அவ குறிப்பு நோட்டு ஏதாவது உங்க கைக்குக் கிடைச்சுதா மேடம்? அதுல ஏதாவது எழுதி வச்சிருந்தா உதவியா இருக்கும்,” என்றார்.

“இல்லையே,” என்றாள் முத்துமீனாள்.

“கிடைச்சா சொல்லுங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். கண்ணால் கூடத்தின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு நரைத்த மனிதர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. “செல்லப்பா. முப்பத்தோரு வருஷமா அட்டெண்டர். நேத்து கடைசியாப் பூட்டினது அவர்தான். போலீஸ் வந்தா முதல்ல அவரத்தான் விசாரிப்பாங்க. நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. எல்லா அறைச் சாவியும் அவர்ட்டதான் இருக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குள்ள பாத்துட்டுக் கிளம்பிருங்க. மருந்து வச்சுட்டா இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது.”

அவர் பூச்சிமருந்துக்காரர்களை எதிர்பார்த்து வாசலுக்குப் போனார். கருத்தப்பாண்டி பெருமூச்சு விட்டார். “வாழப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி பேசுதாரு மேடம்.”

மைமூனம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். கூரை வரைக்கும் புத்தகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எழுத்து. அவள் முகம் சிறுத்துப்போனது.

“யம்மா, ஒண்ணு சொல்லணும். போலீஸ்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. அங்க எல்லாரும் படிச்ச ஆளுக.” முந்தானையைப் பிடிப்பது போலப் பர்தாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு வாசிக்கத் தெரியாது. அரபு ஓதுவேன். தமிழு ஒரு எழுத்து தெரியாது. அந்த மெசேஜ பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் வாசிச்சுச் சொன்னா.”

முத்துமீனாள் நிமிர்ந்தாள். “முபஷ்ஷிரா உங்களுக்கு எப்படி மெசேஜ் போடுவா?”

“பேசித்தாம்மா அனுப்புவா. பஸ் ஏறிட்டேன் உம்மா, வகுப்பு முடிஞ்சிருச்சு உம்மா, எல்லாம் பேச்சுதான். மூணு வருசத்துல எனக்கு ஒரு எழுத்து எழுதுனதில்ல. எழுதினா உம்மா யாருட்டயாவது போயி நிக்கணுமேன்னு அவளுக்குத் தெரியும்.”

அவளுடைய மகளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. அந்த மெசேஜை அடித்தவனுக்குத் தெரியவில்லை.

“அப்ப போன் வேற ஆள் கையில இருந்திருக்கு,” என்றார் கருத்தப்பாண்டி மெதுவாக. “அஞ்சு அஞ்சுக்கு வெளிய போனதா எழுதினதும் அதே கையாத்தான் இருக்கணும்.”

“அப்படின்னா அவ வெளியவே போகல அண்ணாச்சி,” என்றாள் முத்துமீனாள்.

அந்தப் பெரிய கூடம் திடீரென்று குறுகிவிட்டது போல அவருக்கு இருந்தது.

*

முபஷ்ஷிராவின் தோழி வித்யாலட்சுமி அழுது அழுது மூக்குச் சிவந்து, மாணவர் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஜமீன் வீட்டிலிருந்து ஐம்பது வருடத்துக்கு முன்னால் கல்லூரிக்கு வந்த பழைய புத்தகங்களை நேற்றுக் கண்ணாடிப் பெட்டியில் கண்காட்சி வைத்தார்கள். வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னது முபஷ்ஷிரா. பெட்டியைத் துடைக்கவும் அடுக்கவும் அவளையே விட்டிருந்தார்கள்.

“நாலு மணிக்கு எங்கிட்ட வந்தா மேடம். ‘ஏட்டி, ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்கேன்’னா. என்னன்னு கேட்டா, ‘மொதல்ல கேட்டுட்டு வந்து சொல்லுதேன்’னா. அப்ப மேடையில கும்மி ஆரம்பிச்சிருச்சு. ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அப்புறம் அவள நான் பாக்கவே இல்ல.”

“அவ நோட்டு எங்க இருக்கும்?”

வித்யாலட்சுமி தயங்கினாள். “மேடம், சார்ட்ட சொல்லிராதீங்க. பரீட்சை வருதுல்லா. ஒரு பாடத்துக்கு ரெண்டு புத்தகம்தான் இருக்கு, நாங்க நாப்பது பேரு. அதனால முக்கியமான புத்தகத்த வேற அலமாரியில, யாரும் போகாத எடத்துல ஒளிச்சு வச்சிருவோம். மறுநா வந்து எடுத்துக்கிடலாம்ல. முபி நோட்டையும் சேத்து ஒளிச்சு வைப்பா. அவ நோட்டப் பாத்து எழுத ஒரு கூட்டமே இருக்கு.”

“எங்க ஒளிப்பா?”

“அத யாரும் யாருக்கும் சொல்ல மாட்டோம் மேடம்.”

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. நல்லாத்தான் படிக்கீங்க தாயி,” என்றார் கருத்தப்பாண்டி.

மணி பதினொன்று ஐந்து.

கூடத்தில் மொத்தம் நாற்பத்தாறு அலமாரி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொங்கல் வந்துவிடும். முத்துமீனாள் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“அண்ணாச்சி, டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸுல எங்கன நிப்பான்?”

“கண்டக்டர் கடைசியா வார எடத்துல.”

“கண்டுபிடிங்க.”

அவர் கிளம்பினார். கவிதைப் பக்கம் கைபட்டுக் கைபட்டு அட்டையெல்லாம் நைந்திருந்தது. கணிதம், வரலாறு எல்லாவற்றிலும் ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஆனால் தென்கிழக்கு மூலையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், அரசிதழ் தொகுப்புகள் கட்டுக் கட்டாக நின்றன. முப்பது வருடத்து அரசிதழ். யார் படிப்பார்கள்? தூசி ஒரு விரற்கடை கனத்துக்கு இருந்தது. அவர் குனிந்து, முட்டி முனக, கீழ்த்தட்டைப் பார்த்தார். வரிசையில் ஒரே ஒரு தொகுதியின் முதுகு மட்டும் பளிச்சென்று துடைத்தது போல இருந்தது.

அதை உருவினார். பின்னால், சுவரை ஒட்டி, ஒரு தடித்த இலக்கண நூல். அதன் அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு.

“மேடம்! ஓசிப் பயணி ஆப்பிட்டுட்டான்!”

நோட்டு முழுக்க மஞ்சளும் பச்சையும் ஒழுங்காக ஓடியிருந்தன. கடைசிப் பக்கத்தில் நேற்றைய தேதி. அதில் ஒரே ஒரு குறிப்பு. அது முழுவதும் ரோஸ்.

‘ஜமீன் புத்தகம் பதினாறு. பதினைந்தில் 33ஆம் பக்கத்தில் சின்ன வட்ட முத்திரை இருக்கிறது. ‘விஷக்கடி வைத்தியம்’ என்ற புத்தகத்தில் மட்டும் 33இல் இல்லை. 51இல் இருக்கிறது. ஓரத்தில் வைத்தியர் கையால் எழுதிய குறிப்புகள் உண்டு என்று பட்டியலில் போட்டிருக்கிறது. இதில் ஒன்றுமே இல்லை. ஏன்?’

கருத்தப்பாண்டி தலையைச் சொறிந்தார். “முத்திரை எந்தப் பக்கத்துல இருந்தா என்ன மேடம்? டிக்கெட்ட எந்த மூலையில கிழிச்சாலும் டிக்கெட்டுதான்.”

“இல்ல அண்ணாச்சி. கேக்க வேண்டிய ஆள்ட்ட கேப்போம்.”

செல்லப்பா இன்னமும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார். நோட்டை விரித்துக் காட்டியதும் அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

“அண்ணாச்சி, முப்பத்து மூணுன்னா என்ன?” என்றாள் முத்துமீனாள்.

“அத வெளிய சொல்லப்படாது தாயி. என் வீட்டுக்காரிக்கே தெரியாது.”

“வே,” என்றார் கருத்தப்பாண்டி. அவர் குரலில் விளையாட்டு இல்லை. “அந்த அம்மாவப் பாரும். ராத்திரி பூரா ஒறங்கல. ஒரு பச்சத் தண்ணி குடிக்கல. நீரு வாய மூடிக்கிட்டு இருந்தீர்னா ஒம்ம கழுத்துலதான் கயிறு விழும். அத விடும். பிள்ள என்ன ஆவா?”

செல்லப்பா மைமூனம்மாளைப் பார்த்தார்.

“எல்லா லைப்ரரிக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு தாயி. முதல் பக்கத்துல முத்திரை இருக்கும், கடைசியிலயும் இருக்கும். திருடுறவன் அது ரெண்டையும் கிழிச்சிருவான். அதனால நடுவுல ஒரு பக்கத்துல சின்னதா ஒரு முத்திரை குத்திருவோம். எந்தப் பக்கம்னு ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் தெரியும். புத்தகம் எங்க போயி மாட்டினாலும் நம்மளுதுன்னு நிரூபிச்சிரலாம்.”

“இங்க முப்பத்து மூணா?”

“பழைய சார் காலத்துல முப்பத்து மூணு. அவிய நெஞ்சு வலியில பொசுக்குன்னு போயிட்டாவ. பொறுப்பு ஒப்படைக்கக்கூட நேரமில்ல. புது சார் வந்து, இனிமே ஐம்பத்தொண்ணுன்னாவ. ஒன்பது வருசமா வாங்கின புத்தகத்துக்கெல்லாம் ஐம்பத்தொண்ணு.”

“பழைய பக்கம் எதுன்னு புது சாருக்குத் தெரியுமா?”

“அவிய என்ட்ட கேக்கலையே,” என்றார் செல்லப்பா. “அட்டெண்டர்ட்ட போயி யாரு கேப்பா?”

முத்துமீனாள் அவரிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். தலைப்புப் பக்கம் தெரியும்படி விரித்து வைத்திருந்த விஷக்கடி வைத்தியத்தை எடுத்துப் புரட்டினாள். முப்பத்து மூன்று சுத்தமாக இருந்தது. ஐம்பத்தொன்றில் வட்ட முத்திரை, மை இன்னும் கருகருவென்று.

“இது ஜமீன் புத்தகம் இல்ல. பழைய புத்தகக் கடையில கிடைக்கிற மறுபதிப்பு. வைத்தியர் கையெழுத்து இருந்த மூலப் புத்தகத்த வித்துட்டு, இத அதே அட்டையில கட்டி வச்சிருக்காங்க. வச்ச ஆளு கைப்பழக்கத்துல ஐம்பத்தொண்ணுல முத்திரையக் குத்திட்டாரு.” அவள் செல்லப்பாவை நேராகப் பார்த்தாள். “நீங்க செஞ்சிருந்தா முப்பத்து மூணுல குத்தியிருப்பீங்க அண்ணாச்சி. இந்தக் கைக்கு முப்பத்து மூணு தெரியாது.”

செல்லப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்தது.

“முபஷ்ஷிராவுக்குச் சந்தேகம் வந்திருக்கு,” என்றாள் முத்துமீனாள். “ரோஸ் கலர்ல எழுதியிருக்கா. எழுதிட்டு நோட்ட ஒளிச்சு வச்சிட்டு, கேக்கப் போயிருக்கா. யார்ட்ட போயிருப்பா?”

கருத்தப்பாண்டி சுவரில் இருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தார். ‘அன்றைக்கே நூலகரிடம் கேள்.’ அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறாள். சொல்லிக் கொடுத்தவரிடமே போய் நின்றிருக்கிறாள்.

“பாவிப்பய,” என்றார். “இப்ப பிள்ள எங்கன?”

*

பதில் நடையிலிருந்து வந்தது. அங்கே யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒருவர் டேப் ஒட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். சட்டையில் பூச்சிமருந்துக் கம்பெனியின் பெயர். சிவகணேஷ் அவர் தோளில் கை வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன பாய் தகராறு?” என்றாள் முத்துமீனாள்.

“தகராறு இல்லம்மா, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.” அவர் பெயர் மைதீன் பாட்சா. இருபது வருடமாக இந்தத் தொழில். “இந்த விஷப்புகை மாத்திரை வச்சா உள்ள ஒரு உசிரு தங்காது. அதனால நாங்க வந்து, உள்ள போயி, பூனை படுத்திருக்கா, கோழி அடைஞ்சிருக்கான்னு மூலை மூலையாப் பாத்துட்டுத்தான் டேப் ஒட்டுவோம். ஒட்டுறது எங்க கைதான். இங்க என்னடான்னா நேத்தே ஒட்டி வச்சிருக்காங்க. தொறந்து பாக்கணும்னா, உள்ள அலமாரியெல்லாம் அடைச்சுக் கெடக்கு, போக முடியாது, பின்னால ஜன்னல் ஓட்டை வழியா மாத்திரையப் போடுங்கிறாரு சாரு.”

“மேடம், இது பழைய நூல் அறை. எல்லாம் உளுத்த ரேக். திறந்தா சரிஞ்சு விழும்,” என்றார் சிவகணேஷ், அதே மெல்லிய குரலில்.

“சாவி எங்க?”

“என்ட்ட இல்ல தாயி,” என்று பின்னாலிருந்து செல்லப்பா சொன்னார். “நேத்து சாயங்காலம் சார் கழத்தி வாங்கிட்டாவ.”

கருத்தப்பாண்டிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மூன்று நாள் கழித்துக் கதவைத் திறப்பார்கள். உள்ளே அவள் கிடப்பாள். ‘என்னைத் தேடாதீங்க, நான் போறேன்.’ பாவம், மருந்து வைக்கிற அறையில் தானே போய் ஒளிந்துகொண்டாள் என்று ஊர் பேசும். அழ வேண்டிய இடத்தில் சிவகணேஷ் அழுவார்.

“மாத்திரை இன்னும் போடலியே பாய்?” என்று கேட்டார் கருத்தப்பாண்டி.

மைதீன் பாட்சாவின் முகம் மாறியது. “நான் இங்க பேசிக்கிட்டு இருக்கேன்... என் தம்பி பின்னால ஏணியில ஏறிட்டான்.”

கருத்தப்பாண்டி ஓடினார். முட்டி கெஞ்சியது, அவர் கேட்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, கட்டடத்தைச் சுற்றி ஓடினார். வெயில் கண்ணை அடித்தது. முப்பது அடி தூரத்தில் சுவரில் சாய்த்த ஏணி. அதன் உச்சியில் முகமூடி மாட்டிய ஒரு ஆள், காதுவரை மூடியிருந்தான். இடது கையில் டப்பா. வலது கை ஜன்னல் ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஏலே! போடாதலே!”

கை நிற்கவில்லை. தெருவில் தறிச் சத்தம் அவர் குரலை முழுங்கிவிட்டது. இனி ஓடினாலும் எட்டாது. அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

விசில் ஒன்று நீளமாகக் கிழித்தது.

சங்கரன்கோவிலில் பிறந்து பஸ்ஸில் போய் வந்து வளர்ந்த எவனுக்கும் ஒரு விசில் என்றால் ‘நிறுத்து’ என்று உடம்புக்கே தெரியும். ஏணியில் இருந்தவனின் கை ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தான்.

“உள்ள ஆளு இருக்குலே! எறங்கு!”

அவன் மாத்திரையை டப்பாவில் போட்டு மூடின வேகத்தில் ஏணி ஆடியது. கருத்தப்பாண்டி போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் ஏணிதான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் நொண்டிக்கொண்டு நடைக்குத் திரும்பி வந்தபோது, செல்லப்பா சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கியிருந்தார். முப்பத்தோரு வருடம் அந்தக் கட்டடத்தில் இருமக்கூடப் பயந்த மனிதர். பூட்டின் மேல் ஓங்கி அடித்தார். கட்டடமே அதிர்ந்தது.

“சத்தம் போடாதீங்க,” என்றார் சிவகணேஷ். “லைப்ரரியில சத்தம் போடக்கூடாது.”

அவர் சுவரோரமாக, காலடி கேட்காமல், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். நடைவாசலில் கருத்தப்பாண்டி இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். இருபத்து மூன்று வருடம் படிக்கட்டில் கூட்டத்தை மறித்த கை.

“டிக்கெட் எடுக்காம எறங்கப்படாது சார்.”

மூன்றாவது அடியில் பூட்டு உடைந்தது. டேப் பிய்ந்துகொண்டு கதவு திறந்தது. உள்ளே அலமாரி ஒன்றும் அடைத்துக் கிடக்கவில்லை. நடக்க நல்ல வழி இருந்தது. புழுங்கின காகித வாசனையோடு இருட்டு. கடைசி ரேக்கின் காலில் சாய்த்து, கையும் காலும் கட்டி, வாயில் அதே பழுப்பு டேப் ஒட்டி, ஒரு பெண் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். தலை மார்பில் தொங்கியது.

மைமூனம்மாள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“முபி,” என்றாள் மைமூனம்மாள். “மக்கா... உம்மா வந்திருக்கேன்.”

தலை மெல்ல நிமிர்ந்தது.

மைமூனம்மாள் போட்ட கூச்சலைக் கருத்தப்பாண்டி தன் ஆயுளுக்கும் மறக்கப் போவதில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மைதீன் பாட்சா வெளியே படியில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் கையால... என் கையால...” என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வரவில்லை.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

*

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. ஆம்புலன்சும் வந்தது. ரெண்டு நாள் பொறுக்கச் சொன்ன அதே சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். சிவகணேஷ் ஜீப்பில் ஏறுகிறபோதும் சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டார். முத்துமீனாள் நீல நோட்டையும் விஷக்கடி வைத்தியத்தையும் ஒரு உறையில் போட்டு ஒப்படைத்தாள். மூலப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. அதை நினைக்கையில் அவள் புருவம் சுருங்கியே இருந்தது.

வேப்பமரத்து நிழலில் ஸ்ட்ரெச்சரில் முபஷ்ஷிரா படுத்திருந்தாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம். மைமூனம்மாள் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“சந்தேகம் தீத்து வைக்கேன்னு சொல்லித்தான் சாரு அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு உம்மா. அங்க வச்சுத்தான் கட்டினாரு. என் போன எடுத்து, என் விரல வச்சுத் தொறந்து, என் முன்னாலதான் டைப் பண்ணினாரு. வாசிச்சும் காட்டினாரு.” குரல் கரகரத்தது. “உங்க அம்மாவுக்கு அனுப்பிட்டேன், இனி ஒன்ன யாரும் தேட மாட்டாங்கன்னு சொன்னாரு.”

“அல்லாவே. பயந்து போயிருப்பியே மக்கா.”

“அதுவரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு.” முபஷ்ஷிரா வெடித்த உதட்டோடு அம்மாவைப் பார்த்தாள். “அவரு அனுப்பிட்டேன்னு சொன்னதும் பயம் போயிருச்சு உம்மா. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருச்சு.”